வரைந்த டிசைனை மீட்டர் துணியாக அடித்து வாங்குவது எப்படி? சென்னை ஓவியர்களுக்கான கேள்வி பதில்

இங்கே பேசுவது மீட்டர் கணக்கில் அடிக்கும் துணி, சேலை, துப்பட்டா பற்றி. தைத்து முடித்த டி-ஷர்ட்டின் மேல் படம் போடுவது வேறு தொழில். அதற்குக் கீழே சின்னதாக ஒரு பதில் உண்டு.

டிசைன் தயார். முதலில் பிரிண்டரைத் தேடுவதா, துணியைத் தேடுவதா?

துணியை. நூல் எதுவோ அதற்கேற்ற சாயம், சாயம் எதுவோ அதற்கேற்ற மெஷின். அந்த மெஷினை வைத்திருப்பவர்தான் உங்கள் பிரிண்டர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று பிரிண்டரிடம் முதலில் போய் நின்றால், அவருடைய மெஷின் எந்தத் துணியைக் கேட்கிறதோ அந்தத் துணியில்தான் உங்கள் ஓவியம் போய் முடியும். சென்னையில் அது பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும். ஏன் என்பதை அடுத்த இரண்டு பதில்களில் பார்க்கலாம்.

எந்தத் துணிக்கு எந்தச் சாயம்?

பருத்தி, லினன், விஸ்கோஸ் (கடையில் ரேயான் என்பார்கள்), மோடால் ஆகியவற்றுக்கு ரியாக்டிவ் சாயம். இது நூலிழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும். தடவிப் பார்த்தால் அச்சு இருப்பதே கைக்குத் தெரியாது. வேலை மட்டும் அதிகம். யூரியா, சோடா சாம்பல், ஆல்ஜினேட் பசை கலந்த கரைசலைத் துணிக்கு முன்கூட்டியே ஏற்றிக் காயவைக்க வேண்டும். அடித்தபின் சுமார் 102 டிகிரி நீராவியில் 8 முதல் 12 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒட்டாத சாயம் முழுக்கப் போகும்வரை கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். இதில் ஒரு படியைச் சுருக்கினாலும் முதல் துவைப்பில் தெரிந்துவிடும்.

பட்டுக்கு ஆசிட் சாயம், ரியாக்டிவும் பிடிக்கும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். மலிவாகக் கிடைக்கும் ஜார்ஜெட், கிரேப், சாட்டின் எல்லாம் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். இதில் புழக்கத்தில் இருக்கும் முறை சப்லிமேஷன்: காகிதத்தில் அடித்து, துணியோடு சேர்த்து 200 டிகிரி அளவில் அரை நிமிடம் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் போய்விடும். நிறம் பளிச்சென்று வரும், துவைத்தாலும் போகாது. ஆனால் பருத்தியில் இந்தச் சாயம் நிற்காது. ‘காட்டனிலும் சப்லிமேஷன் போடலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் கலப்புத் துணியைச் சொல்கிறார், அல்லது மேலே ஒரு பூச்சு பூசப் போகிறார்.

நான்காவது பிக்மென்ட். இது சாயமே அல்ல, நிறமித் தூள். பசையின் உதவியால் துணியின் மேல் ஒட்டி நிற்கும். 150 முதல் 160 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கினால் வேலை முடிந்தது, அலசத் தேவையில்லை. ஏறக்குறைய எல்லாத் துணியிலும் பிடிக்கும், வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். குறை என்னவென்றால், அடர்ந்த நிறம் பெரிய பரப்பில் வந்தால் துணி விறைக்கும், உரசும் இடத்தில் வெளிறும்.

எங்கள் கருத்து இது: சென்னை வேர்வையில் உடுத்தும் துணி என்றால் பருத்தியில் ரியாக்டிவ், கூடுதல் செலவானாலும். பை, குஷன் உறை, சுவரில் தொங்கவிடும் துணி என்றால் பிக்மென்ட் தாராளமாகப் போதும். ஸ்கார்ஃப், மேடை உடை, திரைச்சீலைக்கு சப்லிமேஷன்.

சென்னையிலேயே அடிக்க முடியாதா? திருப்பூர், ஈரோடு என்று அலைய வேண்டுமா?

சப்லிமேஷனுக்குத் தண்ணீர் வேண்டாம். ஒரு பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், இரண்டு அறை இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். அதனால்தான் நகருக்குள் அது பரவியிருக்கிறது. ரியாக்டிவுக்கோ நீராவிக் கூண்டு, அலசும் தொட்டிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் வேண்டும். கழிவுநீர் விவகாரத்தில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்தவர்களே மீண்டும் திறக்க முடிந்தது. அத்தகைய முதலீடு கொங்கு மண்டலத்தில்தான் குவிந்திருக்கிறது.

சென்னையில் ‘ரியாக்டிவ் செய்து தருகிறோம்’ என்பவர்களில் பலர் ஆர்டரை வாங்கித் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ வெளி மாநிலத்துக்கோ அனுப்புபவர்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. சின்ன ஆர்டருக்கு அது வசதியும்கூட. ‘அடிப்பது எங்கே, அலசுவது எங்கே?’ என்று மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் வழுக்கினால் புகார் சொல்லும் நாளிலும் வழுக்கும். ஐம்பது மீட்டருக்கு மேல் போவதாக இருந்தால் முதல் ஆர்டருக்கு நேரில் போவது நல்லது. சென்ட்ரலிலிருந்து கோவை எக்ஸ்பிரஸ் ஈரோடு, திருப்பூர் இரண்டு ஊரிலும் நிற்கும்.

வெள்ளைத் துணியை நானே வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கடையில் ‘ஒயிட் காட்டன்’ என்று கேட்டு வாங்குவது அச்சுக்கு உதவாது. அதில் கஞ்சி இருக்கும், மென்மைக்கான மெழுகு இருக்கும், வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கும். சாயம் உள்ளே இறங்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். கஞ்சி நீக்கி, வெளுத்து, வேறெதுவும் சேர்க்காத துணியை ‘ஆர்.எஃப்.டி.’ (ரெடி ஃபார் டையிங், சாயமேற்றத் தயாரானது) என்று கேட்டு வாங்குங்கள். பாரிமுனை கோடவுன் தெரு மொத்தக் கடைகளில் அந்தப் பெயரிலேயே புரியும். வெளுக்காத காடா துணி விலை குறைவு என்று அதை வாங்கினால் வெளுப்புச் செலவும் சுருக்கமும் உங்கள் தலையில்.

வாங்கும் முன் மூன்று சோதனை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: சில நொடியில் உறிஞ்ச வேண்டும், முத்தாக நின்றால் மெழுகோ கஞ்சியோ இருக்கிறது. டிங்சர் அயோடினைத் தண்ணீரில் கலந்து ஒரு துளி வையுங்கள்: நீலமானால் கஞ்சி. ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள்: காகிதம் எரியும் வாசனையும் பொடியாகும் சாம்பலும் வந்தால் பருத்தி, உருகிக் கறுப்பாய்க் கெட்டியான மணி திரண்டால் பாலியஸ்டர் இருக்கிறது.

கைத்தறித் துணியில் அடிக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. அழகாக வரும். ஆனால் அகலம் ஒரே சீராக இருக்காது, நூல் முடிச்சுகள் பிரிண்டர் தலையில் இடிக்கும். இதனால் பல டிஜிட்டல் பிரிண்டர்கள் மறுப்பார்கள். கைத்தறிக்கு மேஜையில் கையால் அடிக்கும் ஸ்கிரீனோ மர அச்சோ பொருத்தம்.

குறைந்தது எத்தனை மீட்டர் கொடுக்க வேண்டும்? ஸ்கிரீன் பிரிண்ட் எப்போது லாபம்?

டிஜிட்டல் ஒரு மீட்டருக்கும் செய்வார்கள். மேஜை ஸ்கிரீன் சில பத்து மீட்டருக்காவது வேண்டும். ரோட்டரி என்ற உருளை மெஷினுக்கு நூற்றுக்கணக்கில் மீட்டர் இல்லாமல் யாரும் ஓட்டமாட்டார்கள். சாயம் ஏற்றி நிறம் சரிபார்ப்பதற்கே பல மீட்டர் போய்விடும்.

கணக்கு எளிது. டிஜிட்டலில் நிறம் எத்தனை இருந்தாலும் மீட்டர் விலை ஒன்றுதான். ஸ்கிரீனில் நிறத்துக்கு ஒரு சட்டம் (வலை கட்டிய ஃபிரேம்), சட்டத்துக்கு ஒரு செலவு. அதன்பின் மீட்டர் விலை குறைவு. உதாரணத்துக்கு ஒரு சட்டம் 1,500 ரூபாய், டிஜிட்டலைவிட மீட்டருக்கு 120 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நிற டிசைனுக்குச் சட்டச் செலவு 6,000. அதை 120ஆல் வகுத்தால் 50. ஐம்பது மீட்டரைத் தாண்டினால்தான் ஸ்கிரீன் லாபம். உங்கள் பிரிண்டர் சொல்லும் எண்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள். நீர்வண்ணக் கரைவு, புகைப்படம், மெல்லிய நிழல் எல்லாம் டிஜிட்டலுக்கே உரியவை. தட்டையான மூன்று நான்கு நிறம், கோலக் கோடு, வெட்டு உருவம் எல்லாம் ஸ்கிரீனில் டிஜிட்டலைவிட உறுதியாக உட்காரும். உலோகப் பொன் நிறமும், கறுப்புத் துணிமேல் வெள்ளையும் வேண்டும் என்றால் ஸ்கிரீன்தான்.

காகிதத்தில் வரைந்த ஓவியத்தை எப்படிக் கொடுப்பது?

செல்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடாது. லென்ஸ் ஓரங்களை வளைக்கும், ஒரு பக்கம் வெளிச்சம் கூடும், போதாததற்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தாள் அப்படி ஸ்கேன் ஆனால் ஏறக்குறைய 4,960 × 7,016 பிக்ஸல் கிடைக்கும். துணிக்கு 150 டிபிஐ போதும் என்பதால் நான்கு மடங்கு பெரிதாக்கலாம், அதாவது சுமார் 84 × 119 செ.மீ. ஆனால் தூரிகைத் தடமும் நான்கு மடங்கு ஆகும். அது பிடித்திருந்தால் சரி.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் காகிதத்தின் வெள்ளை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள் ஸ்கேனில் லேசான மஞ்சளோ சாம்பலோ ஆகிவிடும். மெஷினுக்கு அது நிறம்தான். துணி முழுக்க அழுக்குப் படிந்ததுபோல் அடித்துத் தரும். ஃபோட்டோஷாப்பில் லெவல்ஸ் போட்டுப் பின்னணியை 255, 255, 255 ஆக்குங்கள், ஐடிராப்பரால் நான்கு மூலையிலும் தொட்டுப் பாருங்கள். காகிதத்தின் நார்ப்பதிவும், ரப்பரால் அழித்த பென்சில் தடமும் அப்போதே போக வேண்டும்.

டிபிஐ, ஃபைல் அளவு, கோட்டின் தடிமன்?

நிஜ அளவில் 150 டிபிஐ. எழுத்தும் மெல்லிய கோடும் இருந்தால் 300. 72 டிபிஐ படத்தை மென்பொருளில் 300 என்று மாற்றினால் எண்தான் மாறும், படம் தெளியாது. ஜேபெக் வேண்டாம், டிஃப் கொடுங்கள். வெக்டர் டிசைன் என்றால் பிரிண்டர் கேட்கும் வடிவம். கோடு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேன்வாஸ் போன்ற முரட்டு நெசவில் அதற்கும் மெல்லிய கோடு உடைந்து புள்ளியாகும்.

டிபிஐயைவிட அதிகமாகச் சொதப்புவது டிசைனின் பெரிய சிறிய அளவுதான். திரையில் கச்சிதமாக இருந்த தாமரை துணியில் தட்டு அகலத்துக்கு வந்து நிற்கும். ஒரு பகுதியை 100 சதவீத அளவில் சாதாரண ஏ4 தாளில் அடித்து, நான்கைந்து தாள்களை ஒட்டி, கண்ணாடி முன் உடம்பில் வைத்துப் பாருங்கள். குர்தா, ரவிக்கை தைக்கப் போகும் துணியில் 12 செ.மீ.க்கு மேற்பட்ட உருவம் தையலில் வெட்டுப்படும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிப்பீட் என்பதை எப்படி அமைப்பது?

ஒரு டிசைன் துண்டு (டைல்) துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதுதான் ரிப்பீட். கோலம் போடத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. நேர்ப்புள்ளி வைத்தால் நேர் ரிப்பீட். இடுக்குப் புள்ளி வைத்தால் பாதி நகர்ந்த ரிப்பீட். இரண்டாவதில் வரிசை வரிசையாக நகர்த்தினால் செங்கல் அடுக்கு, நெடுக்கில் பத்தி பத்தியாகப் பாதி இறக்கினால் ‘ஹாஃப் டிராப்’. துணிக்கு ஹாஃப் டிராப்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் நேர் ரிப்பீட்டில் கட்டம் உடனே கண்ணில் படும்.

செய்முறை: டைலின் நடுவில் மட்டும் வரையுங்கள், ஓரங்களை விட்டுவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ‘ஆஃப்செட்’ ஃபில்டரால் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தினால் நான்கு மூலையும் நடுவுக்கு வரும். அங்கே விழும் வெற்றிடத்தை நிரப்புங்கள், புதிய ஓரங்களைத் தொடாமல். கிரிட்டா இலவச மென்பொருள்; அதில் டபிள்யூ விசையை அழுத்தினால் வரையும்போதே டைல் எல்லாப் பக்கமும் தொடர்ந்து தெரியும். இல்லஸ்ட்ரேட்டரில் ‘பேட்டர்ன் மேக்’ இருக்கிறது.

டைலின் அளவு முழு பிக்ஸலில் முடிய வேண்டும். 1,889.76 என்று வைத்தால் சேருமிடத்தில் மயிரிழை வெள்ளைக்கோடு விழும். 1,890 என்று வையுங்கள். ஓரத்தில் மங்கலான நிழலோ, பாதி ஒளிபுகும் பிக்ஸலோ இருந்தாலும் இதே கோடு வரும்.

பிறகு டைலை மூன்றுக்கு மூன்று அடுக்கி, 10 சதவீதத்துக்குச் சுருக்கி, இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். தனி டைலில் தெரியாத ஒன்று இப்போது தெரியும்: எல்லா அடர் பூக்களும் ஒரே கோட்டில் வந்து பட்டையாக ஓடும், அல்லது வெற்றிடங்கள் சேர்ந்து சாய்வாக ஒரு ஆறு போகும். டைலுக்குள் கண்ணை இழுக்கும் உருவம் ஒன்றே ஒன்று இருந்தால் இது நிச்சயம். அதன் பலத்துக்கு ஈடாக இன்னும் இரண்டை வேறு உயரங்களில் வைத்தால் தீரும்.

64 செ.மீ. என்று பிரிண்டர் சொல்கிறார். அது என்ன?

ரோட்டரி மெஷினின் வழக்கமான உருளைச் சுற்றளவு. உருளை ஒரு முறை சுற்றினால் டிசைன் திரும்ப வரும், எனவே உங்கள் டைலின் உயரம் 64ஐ மீதமின்றி வகுக்க வேண்டும்: 64, 32, 16 அல்லது 12.8. பெரிய உருளைகளும் உண்டு என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. டிஜிட்டலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் நாளை ஆர்டர் பெருகி ரோட்டரிக்குப் போக நேர்ந்தால், இன்று 32இல் வரைந்தது உதவும். 150 டிபிஐயில் 32 செ.மீ. என்பது 1,890 பிக்ஸல்.

திரையில் பார்த்த நிறம் துணியில் வரவில்லையே?

வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால். நியான் பச்சை, மின்னும் ஊதா, எரியும் ஆரஞ்சு ஆகியவை சாதாரண மைகளுக்கு எட்டாதவை. பிக்மென்டில் கரிய கறுப்பும் எட்டாது. கரும்பலகைச் சாம்பலாகத்தான் நிற்கும்.

ஃபைல் ஆர்ஜிபியிலா (திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு), சிஎம்ஒய்கேயிலா (காகித அச்சின் நான்கு மைக் கணக்கு) என்று பிரிண்டரிடம் கேளுங்கள். காகித அச்சில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் சிஎம்ஒய்கேவாக மாற்றி அனுப்புகிறார்கள். துணி மெஷின்கள் பலவற்றில் நான்கு மைக்கு மேல், ஆரஞ்சு, நீலம் என்று கூடுதல் மைகள் இருக்கின்றன. நீங்கள் முன்கூட்டியே சிஎம்ஒய்கே ஆக்கிவிட்டால் அந்த மைகள் தரக்கூடிய நிறத்தை நீங்களே வெட்டிப் போட்டதாகும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஆர்ஜிபியில், நிற ப்ரொஃபைலைச் சேர்த்துக் கொடுங்கள்.

உறுதியான வழி நிற அட்டை. உங்கள் டிசைனின் முக்கிய நிறங்களை 2 செ.மீ. கட்டங்களாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வெளிறியது, கொஞ்சம் அடர்ந்தது, கொஞ்சம் சிவந்தது என்று அண்டை நிறங்களையும் வைத்து, கீழே அதன் ஆர்ஜிபி எண்ணை எழுதி, அதே துணியில் அதே மெஷினில் ஒரு மீட்டர் அடித்து வாங்குங்கள். அதன்பின் திரையை நம்பாமல் அட்டையிலிருந்து எண்ணைப் பொறுக்கி டிசைனில் போடுங்கள். பிரிண்டர் மாறினால், துணி மாறினால், அட்டையும் புதிதாக வேண்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில் பாருங்கள். கடையின் எல்இடி விளக்கில் பொருந்திய இரண்டு சிவப்பு வெளியே வந்ததும் பிரிந்து நிற்பது உண்டு.

சேலைக்கு வரைவதில் என்ன வித்தியாசம்?

நிறைய. சேலை ரிப்பீட் துணி அல்ல. கட்டும்போது எந்தப் பகுதி எங்கே போகிறது என்பதை வைத்து வரைய வேண்டிய ஒற்றைப் படம்.

நீளம் ரவிக்கைத் துணியோடு 6.3 மீட்டர்: சேலை 5.5, ரவிக்கை 0.8. ரவிக்கைத் துணி முந்தானைக்கு எதிர்முனையில் வரும். அதையடுத்த சுமார் ஒரு மீட்டர் உட்சுற்றுக்குப் போய்விடும். நல்ல உருவத்தை அங்கே வீணாக்காதீர்கள். கொசுவத்தில் மடிப்புக்கு மடிப்பு துண்டுதான் தெரியும், ஆகவே அங்கே பெரிய உருவம் பிழைக்காது. கரையும் சின்ன டிசைனும் போதும்.

உடல் பகுதியில் பறவையோ மனிதரோ நிற்க வேண்டுமானால் தலை மேல்கரையைப் பார்த்திருக்கும். முந்தானையில் அது 90 டிகிரி திரும்ப வேண்டும். முந்தானை முதுகில் தொங்கும்போது அதன் முனைதான் கீழே, எனவே கால் முனைப் பக்கம், தலை சேலையின் உடல் பக்கம். இதை மாற்றிப் போட்டு, முதுகில் மயில்கள் தலைகீழாகத் தொங்கும் சேலைகள் சந்தையில் உலவுகின்றன. மார்பின் குறுக்கே சாய்ந்து போகும் பகுதிக்குத் திசையில்லாத டிசைன்தான் நல்லது. பழைய வேட்டி ஒன்றில் பென்சிலால் கட்டம் போட்டுக் கட்டிப் பார்த்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் விளங்கும்.

ஃபைலும் தொல்லை தரும். 6.3 மீட்டர் × 44 அங்குலம், 150 டிபிஐ என்றால் ஏறக்குறைய 37,200 × 6,600 பிக்ஸல். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்ஸலோடு நின்றுவிடும். பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி (PSB) வடிவில் சேமியுங்கள். அடுக்குகள் இல்லாமலே 700 எம்பிக்கு மேல் போகும். முந்தானை, உடல், கரை, ரவிக்கை என்று தனித்தனி ஃபைலாகக் கொடுத்து, எது எங்கே என்ற வரைபடம் ஒன்றை இணைப்பது இருவருக்கும் நிம்மதி.

சாம்பிளை எப்படிச் சோதிப்பது?

முழு ஆர்டர் போகும் அதே துணியில், அதே மெஷினில் அடித்த சாம்பிளாக இருக்க வேண்டும். ‘இதே மாதிரி துணி’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

25 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத மார்க்கரால் வரைந்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 24 ஆகியிருந்தால் 4 சதவீதச் சுருக்கம். பருத்தியில் 3 முதல் 5 வரை இயல்பு. ரியாக்டிவ் துணி பட்டறையிலேயே அலசப்படுவதால் சுருக்கத்தின் பெரும்பகுதி அங்கேயே முடிந்திருக்கும். பிக்மென்ட் துணி தண்ணீரே காணாமல் உங்களிடம் வருகிறது, சுருக்கம் அத்தனையும் வாங்கியவர் வீட்டில்தான் நடக்கும். தைத்து விற்பதானால் முதலில் நனைத்துவிடுங்கள்.

வெள்ளைப் பருத்தித் துணியால் அச்சின் மேல் பத்து முறை தேயுங்கள், முதலில் உலர்ந்ததாக, பிறகு ஈரமாக. ஈரத்தில் கொஞ்சம் நிறம் இறங்குவது அடர் சிவப்பிலும் கருநீலத்திலும் நடக்கும். வெளிர் நிறத்தில் இறங்கினால் அலசல் சரியில்லை. வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி ஈரமாக ஓர் இரவு வைத்தும் பாருங்கள். வெயிலுக்கு, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி இரண்டு வாரம் மொட்டை மாடியில் வைத்தால் போதும். சப்லிமேஷன் துணியை வெள்ளைத் துணி மேல் வைத்து நல்ல சூட்டில் இஸ்திரி போடுங்கள். சாயம் மறுபடி ஆவியாகி அடியில் படிந்தால் ‘மிதமான சூடு’ என்ற குறிப்பு உங்கள் லேபிளில் இருக்க வேண்டும். ஏற்றுமதிக்குச் சான்று கேட்டால் கோவையில் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம்) போன்ற ஆய்வகங்கள் இருக்கின்றன.

அச்சில் என்னென்ன தப்பு வரும்? யார் பொறுப்பு?

குறுக்கே ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழுந்தால் மை வரும் துளை அடைப்பு, பிரிண்டர் பொறுப்பு. வெள்ளைத் தரை முழுக்க லேசாக நிறமேறியிருந்தால் அலசும்போது கழன்ற சாயம் திரும்ப ஒட்டியிருக்கிறது, அதுவும் அவர்தான். டிசைன் வில்லாக வளைந்தோ கோணலாகவோ போனால் துணி மெஷினில் சரியாக ஏறவில்லை. கட்டம் போட்ட டிசைனில் இது உடனே தெரியும். ஆகவே முதல் ஆர்டருக்குக் கட்டம், நேர்ப்பட்டை வேண்டாம் என்போம். மடிப்பு விழுந்த இடத்தில் நிறமே இல்லாத கோடு, சப்லிமேஷனில் காகிதம் நகர்ந்து இரட்டை நிழல் ஆகியவையும் பட்டறைக் குற்றம்.

மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், இன்னொன்று சேரும். முன்கரைசல் ஏற்றிய துணியிலுள்ள யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும். அடித்ததும் மை விளிம்பில் கசிந்து கோடு தடிக்கும். நல்ல பட்டறையில் ரோலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைப்பார்கள்.

மங்கல், சதுரம் சதுரமாகப் பிசிறு, டைல் ஓரக்கோடு, எழுத்துப்பிழை ஆகிய நான்கும் உங்கள் ஃபைலின் குற்றம். யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

ஆர்டரில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

வாய்ச்சொல் போதாது. துணியின் பெயர், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்), அச்சு விழும் அகலம் (44 அங்குலத் துணியில் ஓரம் போக 42, 43 கிடைக்கும்), மை வகை, ஃபைல் பெயர், டைலின் அளவு செ.மீ.யில், மீட்டர், ஒப்புக்கொண்ட சாம்பிளில் உங்கள் கையெழுத்திட்ட துண்டு. டிசைன் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று அம்புக்குறி. அலசலுக்குப் பின் மீட்டர் கணக்கா, முன்பா என்பது தகராறு வரும் இடம்; ‘பின்’ என்று எழுதுங்கள். சேதம் எத்தனை சதவீதம் வரை ஏற்பீர்கள் என்பதையும். தேவைக்கு மேல் 5 சதவீதம் அடிப்பது நல்லது, ஏனென்றால் பிறகு தனியாக அடிக்கும் இரண்டு மீட்டரின் நிறம் முன்னதோடு அச்சாகப் பொருந்தாது. துணிக்கும் ஜவுளி ஜாப் ஒர்க்குக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். சொன்ன விலை அதைச் சேர்த்தா என்று கேளுங்கள்.

எந்த மாதத்தில் கொடுப்பது?

ஆடியிலிருந்து தீபாவளி வரை பெரிய ஆர்டர்காரர்கள் காலம். பத்து மீட்டர் ஓவியருக்கு வரிசையில் கடைசி இடம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வேலை சூடுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். மார்கழி சீசனுக்கு விற்க நினைத்தால் சாம்பிளை ஆனியிலேயே முடித்துவிடுங்கள்.

டி-ஷர்ட்டில் போடலாமா?

தைத்த சட்டையில் டிடிஜி, டிடிஎஃப் என்று வேறு முறைகள். டிடிஜி சட்டை மேல் நேராக மையை அடிப்பது, டிடிஎஃப் ஒரு மெல்லிய படலத்தை ஒட்டுவது. சின்ன லோகோவுக்குச் சரி, மார்பு முழுக்க ஒட்டினால் காற்றுப் போகாது.

என் டிசைனை வேறொருவர் அடித்து விற்றால்?

ஓவியம் வரைந்த உடனே பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் துணிக்கு வரும்போது சட்டம் மாறுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் தொழில் முறையில் ஐம்பது முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை போய்விடும். 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் சோபா உறைத் துணி டிசைன்களுக்கு இதைத்தான் சொன்னது. எனவே நூறு மீட்டர், இருநூறு மீட்டர் அடிக்கப்போகும் டிசைனை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள். 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். ஒரு கண்டிப்பு: விண்ணப்பிக்கும் முன் அது வெளியே வந்திருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டுப் பாராட்டு வாங்கிவிட்டு அப்புறம் பதிவு செய்யப் போனால் ‘புதியது’ என்ற தகுதி போயிருக்கும்.

பிரிண்டரிடம் ஃபைல் தங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘இந்த டிசைனை வேறு யாருக்கும் அடிப்பதில்லை, வேலை முடிந்ததும் அழிப்போம்’ என்று ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். சாம்பிளுக்குக் கொடுக்கும் ஃபைலில் முழு டிசைன் வேண்டாம், ஒரு மூலை போதும்.

கலம்காரி, காஞ்சிபுரம் மாதிரி டிசைன் அடித்து அந்தப் பெயரில் விற்கலாமா?

மரபு உருவங்களைப் பார்த்துப் புதிதாக வரைவதை யாரும் தடுக்கவில்லை. பெயர்தான் சிக்கல். காஞ்சிபுரம் பட்டு, ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி, மதுரை சுங்குடி எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. மெஷினில் அடித்த சுங்குடிப் புள்ளியைச் சுங்குடி என்று விற்க முடியாது. ‘டிஜிட்டல் பிரிண்ட்’ என்று லேபிளில் தெளிவாகப் போடுங்கள். மற்றவர் எடுத்த கோயில் ஓவியப் புகைப்படத்தை அப்படியே துணியில் இறக்குவதும் ஆகாது. சுவர் ஓவியம் பழையதாக இருக்கலாம், புகைப்படத்துக்கு உரிமையாளர் இன்றைக்கு இருக்கிறார்.